சும்மா கிடக்கிற காணியா? – முன்னேஸ்வரம், சிலாபம் ஈரநிலங்களின் கதை

  

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறு படிப்பிக்கிறவர்கள் எழுத உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும். பொறுமையாக வாசித்து, வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சில வாரங்களாக ஊரில் ஒரே பேச்சு. ஊரின் ஓரத்தில் மாரிக்கு நீர் நிற்கும் பள்ளக்காணிகளைக் கிரவல் போட்டு நிரப்பி, துண்டு துண்டாகப் பிரித்து விற்கப் போகிறார்களாம். யார், எது என்று பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கூட்டத்தில் பேசுவோம். எங்களை எழுத வைத்தது வேறொன்று. தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் நம்மவர்களே சொன்ன ஒரு வசனம்: "அந்தக் காணி சும்மாதானே கிடக்குது, சேர்."

சும்மா கிடக்குது. இந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் நம் கரையோரத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. நீர் நிற்கும் இடத்தை யாராவது "சும்மா கிடக்கிறது" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அடுத்து என்ன நடந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

*

முதலில் நம் ஊரின் மிகப் பழைய சாட்சி ஒருவரை அழைப்போம். மொரோக்கோ நாட்டின் இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் கரையிறங்கினார். அப்போது அங்கே தங்கியிருந்த ஆரியச்சக்கரவர்த்தி மன்னர் அவரை மரியாதையோடு வரவேற்று, பாவா ஆதமலைக்குப் போக வழித்துணையும் கொடுத்து அனுப்பினார். புத்தளத்திலிருந்து தெற்கே வரும் வழியில் "பந்தர் ஸலாவத்" என்ற சிறிய துறைமுக ஊருக்கு வந்ததாகத் தன் பயணக் குறிப்பில் அவர் சொல்கிறார். அது நம் சிலாபம்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். முத்துக் குளிப்பைக் குறிக்கும் "சலாபம்" என்ற சொல்தான் சிலாபம் ஆனது என்பார்கள். கடலுக்கு அப்பால் முத்துப்பார்கள் இருந்த ஊர் அல்லவா.

அந்த ஊரைத் தாண்டியதும் வந்த நிலத்தைப் பற்றி அவர் இரண்டு விடயங்களைக் குறிக்கிறார். எங்கு பார்த்தாலும் தண்ணீர். அதோடு ஏராளமான யானைகள். ஏறக்குறைய 680 வருடங்களுக்கு முன்பு ஒரு வெளிநாட்டு முஸ்லிம் நம் ஊர்ப் பக்கம் வந்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டது தண்ணீர். இன்று டிப்பரில் மண் கொண்டுவந்து நாம் மூடப் பார்ப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

யானைகள் போய்விட்டன. அவற்றின் பெயர் மட்டும் ஊர்ப் பெயரில் நிற்கிறது: ஆனைவிழுந்தான். சிலாபத்திலிருந்து புத்தளம் வீதியில் வடக்கே போனால் வரும் குளங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல அமைந்தவை. 12ஆம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்டவை என்று சொல்லப்படுகிறது. மேல் குளம் நிறைந்தால் வழியும் நீர் கீழ்க் குளத்துக்கு வரும். அங்கே வயலுக்குப் பாய்ந்த பின் மிஞ்சுவது அடுத்த குளத்துக்குப் போகும். கடைசியில்தான் கரையோரத்துக்கு. ஒரே மழையை நாலைந்து தடவை பயன்படுத்தும் கெட்டித்தனம் அது. அந்தக் காலத்து மனிதர் நீர் தேங்கும் பள்ளத்தைக் கண்டால் "சும்மா கிடக்குது" என்று சொல்லவில்லை. "நீர் இங்கே நிற்க விரும்புகிறது, இன்னும் கொஞ்சம் நிற்கட்டும்" என்று அணை கட்டினார்கள்.

முன்னேஸ்வரத்தின் கதையும் அதுதான். ஒரு பக்கம் மாயவனாறு, அதாவது தெதுறு ஓயா. மறுபக்கம் சிலாபம் களப்பு. நடுவே வயல்களும் குளமும் பள்ளக்காணிகளும். போர்த்துக்கேயர் 1578இல் இடித்த முன்னேஸ்வரர் ஆலயத்தைக் கண்டியரசர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753இல் திரும்ப எழுப்பினார். அந்த ஆலயத்தின் திருவிழா இன்றும் ஆற்றில் தீர்த்தமாடித்தான் நிறைவடைகிறது. அந்த நாட்களில் இந்து, பௌத்த, கத்தோலிக்க அயலவர்கள் எல்லாரும் வருவதையும், நம்மவர்கள் கடை போடுவதையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். நம் ஊரில் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவாக இருந்தது இந்த நீர்தான்.

*

அடுத்து ஒல்லாந்தர். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வரை கால்வாய்களையும் களப்புகளையும் இணைத்துப் படகுப் பாதை அமைத்தார்கள். கறுவாவும் பாக்கும் போகத்தான். நம் சிலாபம் களப்பும் முந்தல் ஏரியும் புத்தளம் களப்பும் ஒரே நூலில் கோத்த மணிகள் போல இணைந்தது அப்படித்தான். இன்றும் நாம் "டச்சுக் கால்வாய்" என்று சொல்கிறோமே, அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே கால்வாய் திரும்பவும் வரும்.

இந்தக் கால்வாய் வேலையால் தெற்கே ஓர் இடத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறோம். நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் இடையே முத்துராஜவெல. கோட்டே அரசர்கள் காலத்தில் நெல் விளைந்த பூமி. கால்வாய் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே ஏறியதும் வயல்கள் கெட்டன. ஆங்கிலேயர் வந்து 1802க்கும் 1804க்கும் இடையில் ஹமில்டன் கால்வாயை வெட்டி அந்த உப்பு நீரை வெளியேற்றப் பார்த்தார்கள். வயல் திரும்பி வரவில்லை. ஒரு தடவை நீரின் போக்கை மாற்றினால், இன்னொரு கால்வாய் வெட்டிப் பழையதைத் திரும்ப எடுக்க முடியாது. இது நமக்கு முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தில் மண்வெட்டி இல்லை, பேனாதான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று வந்தது. காடாக, தரிசாக, யாரும் குடியிருக்காத, பயிர் செய்யாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று கொள்ளப்படும். தன்னுடையது என்பவர் அதை நிரூபிக்க வேண்டும். 1897இல் தரிசு நிலங்களுக்கென்றே தனியாக ஒரு கட்டளைச் சட்டமும் வந்தது.

இப்போது நினைத்துப் பாருங்கள். களப்போரத்துக் கண்டல் காட்டுக்கு யாரிடம் உறுதி இருந்திருக்கும்? வலை வீசியவரிடமா, நண்டு பிடித்தவரிடமா, விறகு பொறுக்கிய பெண்ணிடமா, மாடு மேய்த்தவரிடமா? எல்லாரும் பாவித்தார்கள். யாருக்கும் எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எவ்வளவு எடுக்கலாம் என்று தெரியும். ஆனால் கையில் ஒரு கடதாசி இல்லை. கடதாசி இல்லாத நிலம் சட்டத்தின் கண்ணில் தரிசு ஆனது. எல்லாருக்கும் உரியதாக இருந்தது ஒரே நாளில் யாருக்கும் உரியதல்லாததாக மாறியது. "சும்மா கிடக்குது" என்ற பேச்சுக்கு அரசாங்க முத்திரை குத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. தமிழ்நாட்டில் "புறம்போக்கு" என்ற சொல் இருக்கிறது. வரி விதிக்காமல் ஊர்ப் பொதுவுக்கு விட்ட நிலம் என்பதுதான் அதன் பொருள். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம் எல்லாம் புறம்போக்கு. இன்று அதே சொல்லை அங்கே மனிதரைத் திட்டப் பாவிக்கிறார்கள்! பொதுச் சொத்தின் பெயரே வசவாகிவிட்டால் அந்தச் சொத்து என்ன கதிக்கு வந்திருக்கும்? சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. குப்பை மேடும் வீதிகளும் கணினிக் கம்பனிகளும் குடியிருப்புகளும் வந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது அந்தப் பக்கத்து மாடி வீட்டுக்காரர்களும் படகில்தான் வெளியே வந்தார்கள். மிஞ்சிய பகுதியை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். பெரும்பகுதியை இழந்த பிறகு கிடைத்த மரியாதை அது.

*

இனி நம் கண்முன்னே நடந்தது. 1980களில் இறால் வந்தது.

இதை எழுதும்போது நிதானமாக எழுத வேண்டும். நம் உறவுக்காரர் பலர் இறாலில் உழைத்தவர்கள். இறால் காசில் வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

சிலாபம் களப்பு, முந்தல், புத்தளம் களப்பு – இந்த மூன்றின் ஓரமும் டச்சுக் கால்வாயின் ஓரமும் இறால் குளங்களால் நிறைந்தன. ஏற்றுமதிக் காசு. கண்டல் காடும் உவர்ச் சதுப்பும் யாருடைய காணி? அரசாங்கக் காணி, 1840இன் பேனா எழுதியபடி. சிலது குத்தகைக்குப் போனது, சிலது சும்மா பிடிக்கப்பட்டது. களப்பை நம்பியிருந்த சிறு மீனவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களிடம் காட்டக் கடதாசி இல்லையே.

கண்டல் வேருக்குள் என்ன இருந்தது என்பது அதை வெட்டிய பிறகுதான் பலருக்கு விளங்கியது. கடல் மீனும் இறாலும் சின்னக் குஞ்சாக வந்து ஒளிந்து வளரும் இடம் அது. கண்டல் போனால் களப்பில் மீன் குறையும். அடுத்தது மண். கண்டல் சேற்றுக்குள் கந்தகம் சேர்ந்த தாதுக்கள் இருக்கின்றன. நீருக்குள் இருக்கும்வரை தீங்கில்லை. வெட்டிக் காற்றுப் பட வைத்தால் அது அமிலமாக மாறும். சில வருடங்களில் குளத்து நீர் புளித்துப் போனதாகப் பண்ணைக்காரர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல, இரசாயனம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது: நீர் ஒன்றுதான். ஒரு பண்ணை கழிவு நீரைக் கால்வாயில் விடும். அதே கால்வாயிலிருந்து அடுத்த பண்ணை நல்ல நீர் என்று உள்ளே இழுக்கும். வேலி போட்டோம், காவல் போட்டோம், பூட்டுப் போட்டோம். நீருக்கு யார் பூட்டுப் போடுவது? 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. ஒரு குளத்தில் வந்த நோய் டச்சுக் கால்வாய் வழியே ஊர் ஊராகப் போனது. 1998இல் மறுபடியும் பெரிய அடி. அடைமானம் வைத்த நகை திரும்பி வராத வீடுகள் எத்தனை என்று நம் ஊரில் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். கைவிடப்பட்ட குளங்கள் உப்பும் அமிலமும் கலந்து நெல்லுக்கும் ஆகாமல், தென்னைக்கும் ஆகாமல் கிடந்தன. வேடிக்கை என்னவென்றால், "சும்மா கிடக்குது" என்று சொல்லி எடுத்த நிலம் அப்போதுதான் உண்மையிலேயே சும்மா கிடக்கத் தொடங்கியது.

அதே 1996ஆம் ஆண்டு, பாக்கு நீரிணைக்கு அக்கரையில் இன்னொன்று நடந்தது. நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைகளால் வயலும் குடிநீரும் உப்பானதை எதிர்த்துக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் நிலமற்ற ஏழைகளோடு சேர்ந்து போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்கு வலயத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. பின்னர் சட்டங்கள் மாறி அந்தத் தீர்ப்பின் வலு குறைந்தது உண்மைதான். ஆனாலும் கையில் உறுதி இல்லாத மக்களின் சொல் ஒரு நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் சாட்சியாக ஏறியது சின்ன விடயம் அல்ல.

நம் பக்கத்திலும் மாற்றம் வந்தது. அடிபட்ட இறால் பண்ணைக்காரர்களே சங்கங்களாகக் கூடி, நீரியல் உயிரின வளர்ப்பு அதிகார சபையோடு சேர்ந்து, எந்த வலயம் எந்த மாதத்தில் இறால் விடலாம் என்று பயிர் நாட்காட்டி போட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நீரை இழுத்து ஒரே நேரத்தில் கழிவு விட்டால் எல்லாரும் சாவோம் என்று விளங்கியது. தனித்தனிக் காணி, ஆனால் நீர் பொது. முதாதையர் குளச் சங்கிலியில் அறிந்திருந்ததை நாம் பெரிய நட்டப்பட்டுத் திரும்பக் கற்றோம். நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை மத்ரஸாவில் ஓதியவர்கள்தான் நாம். ஓதியதைக் காணி விடயத்தில் மறந்துபோனோம்.

*

இனி, காப்பாற்றப்பட்டவற்றின் கதை. இதுவும் நம் அயலில்தான்.

ஆனைவிழுந்தான் 1997இல் சரணாலயமாக்கப்பட்டது. 2001 ஆகஸ்ட் 3ஆம் திகதி 1,397 ஹெக்டேர் பரப்போடு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஒரு நகரம். 1971 பெப்ரவரி 2ஆம் திகதி அங்கே ஈரநிலங்களைக் காக்க உலக உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டது. பாடசாலையில் பெப்ரவரி 2ஐ ஈரநில தினம் என்று கொண்டாடுவது அதனால்தான். இலங்கை 1990இல் அதில் சேர்ந்தது. நாட்டின் முதல் ராம்சார் தலம் பூந்தல, இரண்டாவது நம் ஆனைவிழுந்தான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சிலாபம் களப்போரத்துப் பம்பலயில் சிறு மீனவர்களின் சம்மேளனம் ஒன்று இருக்கிறது, "சுதீச" என்ற பெயரில். கண்டல் காடு தன் பிழைப்பு என்று உணர்ந்த மீனவக் குடும்பங்களின் அமைப்பு. 2015இல் இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கப் போவதாக அறிவித்தபோது, அப்படிச் செய்யும் உலகின் முதல் நாடு என்று பேசப்பட்டது. அந்தத் திட்டத்தை அரசாங்கத்தோடும் அமெரிக்காவின் சீகொலொஜி நிறுவனத்தோடும் சேர்ந்து நடத்தியது இந்தச் சுதீசதான். கரையோரக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கடனும் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் கண்டலைக் காப்பது என்ற ஏற்பாடு. 2016 ஜூலை 26ஆம் திகதி பம்பலயில் கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

மரம் நட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் இலங்கை ஆய்வாளர்கள், நாட்டில் கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. பார்த்தீர்களா, மூன்றும் நம் மேற்குக் கரை, அதில் ஒன்று நம் களப்பு. பிழையான இடத்தில் பிழையான இனத்தை நட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பிப் பார்க்காமல் போனால் கன்று பிழைக்காது. "இங்கே நிரப்புகிறோம், வேறு இடத்தில் நூறு மரம் நட்டுத் தருகிறோம்" என்று யாராவது வந்து சொன்னால் இந்த ஆய்வை நினைவில் வையுங்கள்.

ராம்சார் பலகை போட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஆகஸ்ட் மாதம் ஆனைவிழுந்தான் எல்லைக்குள்ளேயே பெக்கோ இறக்கி, இறால் பண்ணைக்காகக் கண்டலை அழித்தார்கள். படங்கள் வெளியே வந்து நாடே பேசிய பிறகுதான் கைது, வழக்கு எல்லாம். 2021இல் முத்துராஜவெலயை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவர வர்த்தமானி வந்தபோது, அந்தப் பகுதிக் கத்தோலிக்க மக்கள் எழுந்தார்கள், கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை நீதிமன்றம் வரை போனார். பலகையும் சட்டமும் தானாகக் காவல் காப்பதில்லை. பக்கத்தில் வாழும் மனிதர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

*

இப்போது நம் பள்ளக்காணிக்கு வருவோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். தெதுறு ஓயா பெருக்கெடுத்துச் சிலாபம் பகுதி மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு நீர் ஏன் அந்த அளவுக்கு வந்தது என்பதற்குப் பல காரணங்கள். வரலாறு காணாத மழை முதல் காரணம். அதைப் பள்ளக்காணியால் தடுத்திருக்க முடியாது, அப்படிப் பொய் சொல்லவும் மாட்டோம். ஆனால் வந்த நீர் எங்கே போய் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்பதில் பள்ளத்துக்குப் பங்கு உண்டு.

பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு கணக்கை உங்களுக்கும் தருகிறோம். 10 பேர்ச் காணி என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதில் ஒரு மீற்றர் உயரத்துக்கு வெள்ள நீர் நின்றால் 253 கன மீற்றர். அதாவது 253,000 லீற்றர். வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கியில் 253 தாங்கி. அந்த 10 பேர்ச்சை ஒரு மீற்றர் மண் போட்டு நிரப்பினால் அந்த 253 தாங்கித் தண்ணீரும் ஆவியாகிவிடுமா? இல்லை. பக்கத்தில் தாழ்வாக இருக்கும் வீட்டுக்குப் போகும். இப்படி நூறு துண்டு நிரப்பினால் கணக்கை நீங்களே போடுங்கள். நிரப்பிய வீட்டுக்காரர் தப்புவார். வெள்ளம் வருவது பழைய வீட்டுக்காரருக்கு. அந்தப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது நாம்தான்.

இன்னொரு கணக்கு. 1993 வர்த்தமானியின்படி 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை வேண்டும். 4 ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 10 ஏக்கர், சுமார் 1,580 பேர்ச். நல்ல விதிதான். ஆனால் 9 ஏக்கரை ஒருவரும், அடுத்த 9 ஏக்கரை இன்னொருவரும், பிறகு அரை ஏக்கர் அரை ஏக்கராக மற்றவர்களும் நிரப்பினால்? விதி உறங்கும், நிலம் போய்விடும். பெரிய திட்டம் வந்தால் பத்திரிகை எழுதும், பாராளுமன்றத்தில் பேசுவார்கள். நம் ஊர் மாதிரி இடங்களில் ஈரநிலம் போவது சத்தமில்லாமல், துண்டு துண்டாகத்தான்.

"இளம் பிள்ளைகளுக்கு வீடு கட்டக் காணி எங்கே, சேர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் மாணவர்களாக இருந்தவர்களே இன்று கல்யாணம் முடித்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மேட்டுக் காணியின் விலை அவர்களுக்கு எட்டாது, பள்ளக்காணி மலிவு. ஏன் மலிவு என்றால், அதன் மீதி விலையை ஒவ்வொரு மாரியிலும் கட்ட வேண்டும், அதுவும் அயலவரோடு சேர்ந்து. நம் பிள்ளைகளுக்கு வீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நீர் நிற்கும் இடத்தை விற்று அவர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்கிறோம். மேட்டில் சும்மா பூட்டிக் கிடக்கும் காணிகளைப் பற்றியும் ஊர் ஒருநாள் பேசத்தான் வேண்டும்.

*

செய்யக்கூடியவை என்று நாம் நினைப்பவை:

ஒன்று, காணி வயலா இல்லையா என்று பார்ப்போம். கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் வயல் என்று இருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்து மூல அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது.

இரண்டு, நம் மாகாணத்துக்கென்று தனியாக ஒரு சுற்றாடல் சட்டமே இருக்கிறது: 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வடமேல் மாகாண சுற்றாடல் நியதிச்சட்டம். அதன் கீழ் வடமேல் மாகாண சுற்றாடல் அதிகார சபை இயங்குகிறது. கேட்க வேண்டிய கதவு அது. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் மற்றக் கதவுகள்.

மூன்று, வாயால் கேட்க வேண்டாம், எழுதிக் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என்ன அனுமதி, யார் கொடுத்தது, எந்த வரைபடம் என்று விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதலாம், சிங்களத்திலும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

நான்கு, இதுதான் முக்கியம். 1840இல் நம் முன்னோரிடம் இல்லாதது கடதாசி. அதை நாம் இப்போது உண்டாக்குவோம். எந்த மாரிக்கு எங்கே நீர் நின்றது, எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, எந்தக் கிணறு எப்போது உவர்த்தது, எந்தப் பள்ளத்தில் என்ன மீன் பிடித்தார்கள் – இதெல்லாம் உங்கள் வீட்டு மூத்தவர்களின் தலைக்குள் இருக்கிறது. மூத்தாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள். பழைய படங்களைத் தேடுங்கள். பள்ளிவாசல், கோயில், விகாரை, தேவாலயம் நான்கின் பெரியவர்களும் ஒரே வரைபடத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், அந்தக் காணியைத் தரிசு என்று எழுதப் போகும் அதிகாரியின் பேனா கொஞ்சம் தயங்கும். மாணவர்கள் வரைபடத்தைத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள்தான் அதை நிரப்ப வேண்டும்.

இப்னு பதூதா இந்த வழியாகக் கடந்து போன வழிப்போக்கர். அவரே இங்கே தண்ணீர் இருந்ததை எழுதி வைத்துவிட்டுப் போனார். இங்கேயே பிறந்து இங்கேயே அடங்கப் போகிறவர்கள் நாம். நாம் எழுதி வைக்காமல் போகலாமா?

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பேசுவோம், இன்ஷா அல்லாஹ். எல்லா வீட்டிலிருந்தும் ஒருவராவது வாருங்கள். வஸ்ஸலாம்.